பதினெட்டு முழக் கடல்

செவ்வூரணியில் ஒரு துணி நாற்பத்தோரு நாளும் அதற்குமேல் முக்கால் பகலும் காயாமல் இருந்தது. மாசி ஒன்பதாம் தேதி காலையில் அதைக் கொட்டகை உத்திரத்தில் போட்டது நான். பங்குனி இருபதாம் தேதி சாயங்காலம் அது காய்ந்தபோது பக்கத்தில் நின்றதும் நான். நடுவில் நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், எண்ணிக்கை ஒருவருக்கும் சரியாக வருவதில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊரில் தொண்ணூற்று நான்கு வீடு, ஒரு நாடக சபா, தண்ணீர் இல்லாத ஒரு ஊரணி. சபா வருசத்துக்கு ஒரு நாடகம் போடும், பங்குனிப் பொங்கலுக்கு. அதற்கு உடை செய்வது என் வேலை. அச்சுப் போடுவது, சாயம் முக்குவது, வெட்டித் தைப்பது மூன்றையும் நானே செய்வேன். அந்த வருசம் வாத்தியார் சண்முகவேல் எடுத்துக்கொண்டது, கடலுக்கு அப்பால் சிறையிருக்கும் தங்கையை மீட்கப் போகிற ஓர் இளவரசன் கதை. இளவரசன் கரையில் நின்று வில்லை வளைத்து வழி கேட்பான், கடலரசன் எழுந்து வந்து பதினோரு வசனம் பேசி விலகிப் போவான். அந்தக் கடலரசன் வேடம் சாத்தையாவுக்கு விழுந்தது.

சாத்தையா கரிமூட்டம் போடுகிறவன். சபாவில் இருபத்திரண்டு வருசமாக வாசல் காவலன். ஈட்டியைப் பிடித்து நிற்பான், தூதுவன் வந்திருப்பதாக ஒரு வசனம் சொல்வான், மறுபடி நிற்பான். வாசல் காவலனுக்கென்று யாரும் உடை தைப்பதில்லை. மந்திரி போட்டுக் கழித்த அங்கியோ தளபதியின் பழைய சராயோ எது மிஞ்சுகிறதோ அது அவனுக்கு. கை நீண்டிருந்தால் மடித்துக்கொள்வான், இடுப்பு அகன்றிருந்தால் கயிறு கட்டிக்கொள்வான். நான் அவனைக் கொட்டகையில் நிறுத்திப் பதினான்கு இடத்தில் அளவெடுத்தேன். கழுத்துக்கு நாடா போட்டபோதுதான் வாயைத் திறந்தான்.

“அண்ணே, இது எனக்குன்னேவா?” என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். அளவெடுத்து முடிந்த பிறகும் கையை விரித்தபடியே கொஞ்ச நேரம் நின்றான்.

கடலைத் துணியில் கொண்டுவருவது எப்படி என்று மார்கழி முழுவதும் சோதித்துப் பார்த்தேன். நீலத்தில் வெள்ளை அலை வேண்டுமென்றால் அலை வரவேண்டிய இடத்தைச் சாயம் படாமல் அடைக்க வேண்டும். அரிசிக் கஞ்சியை வைத்துப் பார்த்தேன், காய்ந்து வெடித்தது. களிமண்ணையும் கருவேலம் பிசினையும் குழைத்து வைத்தேன், ஐந்தாவது முக்கில் கரைந்துவிட்டது. தேன்மெழுகோடு குங்கிலியம் உருக்கியபோதுதான் நின்றது, அதுவும் வெயில் ஏறினால் இளகிப் படர்ந்தது, ஆகவே விடியற்காலையில் மட்டும் அச்சிட்டேன். பலாக்கட்டையில் நான் செதுக்கிய அலை நான்கு விரல் அகலம், ஐந்து விரல் உயரம். பரமக்குடியில் சொல்லி நெய்யவைத்த துணி ஒட்டில்லாத ஒரே துணி, பதினெட்டு முழ நீளம், இரண்டரை முழ அகலம். நீளத்துக்கு நூற்றெட்டு, அகலத்துக்குப் பன்னிரண்டு, ஆக ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு அலை.

பிறகு அவுரித் தொட்டியில் பன்னிரண்டு முக்கு. துணி தொட்டியிலிருந்து இலைப் பச்சையாக வெளியே வரும், காற்றுப் பட்டு எண்பது எண்ணுவதற்குள் நீலமாகும், அது ஆறியதும் மறுபடி முக்க வேண்டும். ஒவ்வொரு முக்குக்கும் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவேன். ஒன்பதாவது முக்கின்போது சாத்தையாவின் மனைவி பஞ்சவர்ணம் வந்து, தொட்டியில் மிஞ்சும் தண்ணீர் ஆட்டுக்கு ஆகுமா என்று கேட்டாள். ஆகாது, சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், முடிச்சுப் போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. குறைந்தால் நிறம் வெளுக்கும், கூடினால் கெடுதலில்லை என்று நினைத்து ஒன்று கூடுதலாக முக்கினேன். அந்தத் துணி பன்னிரண்டு முக்கு வாங்கியதா பதின்மூன்று வாங்கியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்து, நான்காக மடித்து, உத்திரத்தில் போட்டேன். முதல் நாள் நீலமாகச் சொட்டியது. இரண்டாம் நாள் வெளிர் நீலமாகச் சொட்டியது. மூன்றாம் நாள் காலையில் கீழே இருந்த தட்டில் தெளிந்த தண்ணீர் நின்றது, ஒரு குருவி அதைக் குடித்துவிட்டு இன்னொரு குருவியைக் கூட்டிவந்தது. வெளியே நல்ல வெயில், என் வேட்டி கால் மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்தது. துணி சொட்டிக்கொண்டிருந்தது. நான் தட்டை எடுத்துவிட்டுக் குடத்தை வைத்தேன். எழுநூற்று இருபது எண்ணியபோது குடம் நிறைந்தது.

அதை முதலில் குடித்துப் பார்த்த மனுஷி பஞ்சவர்ணம். ஒரு கை அள்ளிக் குடித்தாள், கொஞ்சம் யோசித்தாள், இன்னொரு கை குடித்தாள், கேள்வி ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போய்த் தன் குடத்தை எடுத்துவந்து என் குடத்தை நகர்த்திவிட்டு அங்கே வைத்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் குடிதண்ணீருக்கு இரண்டு மைல் நடந்து மேலக்குளம் அடிபம்புக்குப் போகிறவர்கள். பஞ்சவர்ணம் வாக்கப்பட்டு வந்த மறுநாளிலிருந்து இருபது வருசமாக நடக்கிறாள். அன்று மதியத்துக்குள் என் கொட்டகை வாசலில் பதினேழு குடம், சாயங்காலத்துக்குள் ஐம்பத்திரண்டு.

ஊர் இதை வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. துணி ஏன் காயவில்லை என்று என்னிடம் கேட்டவர்கள் ஆறு பேர். தன் குடத்தின் முறை எப்போது என்று கேட்டவர்கள் எல்லோரும். மேலத்தெருவுக்கு ஒரு வரிசை, கீழத்தெருவுக்கு ஒரு வரிசை என்று இரண்டு வரிசை போடச் சிலர் முயன்றார்கள், ஆனால் துணிக்குச் சொட்டும் நுனி ஒன்றுதான் இருந்தது, இரண்டு நாளில் வரிசையும் ஒன்றாகிவிட்டது. நாளுக்கு நூற்றிருபது குடம். வீட்டுக்கு ஒன்று போக மிஞ்சிய இருபத்தாறில் பள்ளிக்கூடத்துக்கு எட்டு, டீக்கடைக்கு நான்கு, கோயிலுக்கு இரண்டு, ஆடுமாட்டுக்குப் பன்னிரண்டு. ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்து பாட்டிலில் பிடித்துப் போனார். ஒரு வாரம் கழித்துக் குடிக்கத் தகுந்தது என்று தாள் வந்தது. அதில் கிணறு, குழாய், குளம் என்று கட்டங்கள் இருந்தன, துணிக்குக் கட்டம் இல்லாததால் ‘இதர’ என்பதில் டிக் போட்டிருந்தார்.

தண்ணீர் கொஞ்சமும் உப்புக் கரிக்கவில்லை, ஆனாலும் அது கடலுக்குச் சொந்தம் என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. மதிய வேளையில் அடுக்கி வைத்த குடங்களுக்குள் காதை வைத்தால் தூரத்தில் அலை புரளும் சத்தம் கேட்டது. அதைக் குடித்த குழந்தைகள் தொட்டில் ஆட்டாமலே ஆடித் தூங்கின. பௌர்ணமியன்று குடத்துக்கு எழுநூறு எண்ணினாலே போதும், அமாவாசைக்கும் அப்படியே. மாவரைத்த ஒருத்தி உரலிலிருந்து ஒரு சிறிய சங்கை எடுத்துக் காட்டினாள், மற்றவர்கள் பார்த்துவிட்டு உளுந்து நன்றாகப் பொங்கியிருக்கிறதா என்று விசாரித்தார்கள். ஊரே கடலைப் பார்த்ததில்லை, ஆனால் தெருவில் நடக்கிறவர்கள் தோணியில் நிற்கிறவர்களைப் போல லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடக்கத் தொடங்கினார்கள், அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெண்களுக்குக் காலை நேரம் கையில் மிஞ்சியது. அதை என்ன செய்வது என்று முதலில் அவர்களுக்குத் தெரியவில்லை, வீட்டை இரண்டு முறை கூட்டினார்கள். பிறகு சபாவில் ஒத்திகை பார்க்க வந்து உட்கார்ந்தார்கள். தன் புருசன் ஒரு வசனத்துக்கு மேல் பேசி நடிப்பதைப் பஞ்சவர்ணம் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

என் கவலை வேறாக இருந்தது. ஈரத்துணியை வெட்டித் தைக்க முடியாது, தைத்தால் காய்ந்தபின் இழுக்கும். இது காய்வதாகவும் இல்லை. ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டை மட்டும் வெட்டிப் பார்த்தேன். வெட்டிய துண்டு என் கையிலேயே காய்ந்தது. அன்றிலிருந்து நாளுக்கு நூற்றுப் பதினேழு குடம்தான் வந்தது. ஆட்டுக்காரர்கள் மூன்று பேர் வந்து என்னைப் பார்த்தபடி நின்றார்கள், நான் கத்தரிக்கோலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

வேறு துணியில் செய்யலாமென்றால் நீலக்கட்டி தீர்ந்துவிட்டது, அடுத்த கட்டி சித்திரைக்குப் பிறகுதான் வரும். கடையில் பாக்கெட் சாயம் வாங்கி நான்கு முழ வேட்டியில் அதே அலை அச்சைப் போட்டுப் பார்த்தேன். சாத்தையா அதைச் சுற்றிக்கொண்டு நின்றான். வாசல் காவலன்மேல் இங்க் பாட்டில் கவிழ்ந்த மாதிரி இருக்கிறது என்றார் வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள், சாத்தையாவும் கூடச் சேர்ந்து சிரித்தான், பிறகு அவிழ்த்து நான்காக மடித்து என் கையில் கொடுத்தான்.

ஆகவே துணியை வெட்டாமலே அவனுக்குக் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். பதினெட்டு முழத்தை எங்கெங்கே மடித்து எங்கெங்கே ஊக்குப் போட்டால் அங்கியாக நிற்கும் என்று நூல் புடவை ஒன்றில் கட்டிக் கட்டிப் பார்த்தேன். இருபத்தாறு மடிப்பு, பதினோரு ஊக்கு. துணியைக் கோயில் திடலுக்குக் கொண்டுபோக ஊர் சம்மதிக்காததால் மேடையை என் கொட்டகை இருக்கும் சாயக் களத்திலேயே போடுவது என்றும், கீழே தார்ப்பாய் விரித்துச் சொட்டுகிற தண்ணீரைக் குடத்துக்குத் திருப்புவது என்றும், குடங்களை வெளிச்சத்தில் பார்த்து வைக்கத் தோதாக நாடகத்தை மாலை நான்கு மணிக்கே தொடங்குவது என்றும் பேசி முடித்தார்கள்.

பங்குனி எட்டாம் தேதி முதன்முறையாகச் சாயக் களத்தில் ஒத்திகை. சாத்தையா தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு உத்திரத்துக்குக் கீழே, சொட்டும் நுனி தலையில் படுகிற மாதிரி நின்று வசனம் பேசினான். அவனுக்கு அப்படியொரு குரல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபத்திரண்டு வருசம் ஒரே வசனத்துக்குள் அடைத்து வைத்திருந்த குரல். பத்து வசனத்தையும் பேசினான், வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். பதினோராவது வசனம், “வில்லை இறக்கு, மகனே. கேட்டவனுக்கு வழி உண்டு. நான் விலகிப் போகிறேன்” என்பது. அதை அவன் சொன்னதும் சொட்டு நின்றுவிட்டது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். நான் எண்ணினேன். எழுபதில் மறுபடி சொட்டியது. தற்செயலாக இருக்கும் என்று வாத்தியார் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இந்த முறை நூற்று நாற்பது. மூன்றாவது முறை அவன் வாயைத் திறப்பதற்குள் பஞ்சவர்ணம் வரிசையிலிருந்து ஓடிவந்து உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

துண்டோடு சொன்னதற்கே இப்படியென்றால் அரிதாரம் பூசி, துணியை உடம்பில் கட்டி, ஊர் கூடியிருக்கும்போது சொன்னால் கடல் போயே போய்விடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நான்கு நாள் ஊர் கூடிப் பேசியது. வசனத்தை மாற்றலாம் என்றார்கள். வழிவிடாத கடலை இளவரசன் எப்படித் தாண்டுவான், தங்கை சிறையிலேயே கிடப்பாளா என்று வாத்தியார் கேட்டார். வேறு யாராவது திரைக்குப் பின்னாலிருந்து மைக்கில் சொல்லட்டும் என்றார்கள். அப்படியும் பார்த்தோம், டீக்கடைக்காரர் சொன்னார், சொட்டு அப்போதும் நின்றது. மெதுவாகச் சொன்னாலும் நின்றது, வேகமாகச் சொன்னாலும் நின்றது. நாடகத்தையே விட்டுவிடலாமென்றால் அதற்கும் ஊர் ஒப்பவில்லை. நாடகக் கொட்டகைக் கால் ஊன்றிய பிறகு மங்களம் பாடாமல் பிடுங்குகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

கடைசியில் ஒரு வழி கண்டார்கள். சாத்தையா பத்து வசனத்தோடு நிறுத்திக்கொள்வான். பதினோராவது வசனத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பார்கள். கடல் விலகிவிட்டதாக எடுத்துக்கொண்டு இளவரசன் நடப்பான். சாத்தையாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “நிக்கிறதுதானே. எனக்குப் பழக்கம்தான்” என்றான். பஞ்சவர்ணம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்குனி இருபது. வெயில் சாய்ந்து சாயக் களம் முழுவதும் மஞ்சளாகக் கிடந்தது, சனம் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் துணியை உத்திரத்திலிருந்து இறக்கிச் சாத்தையாவுக்குக் கட்டினேன். இருபத்தாறு மடிப்பு, பதினோரு ஊக்கு. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான், குளிரிலா பயத்திலா தெரியவில்லை. ஈரத்துணி இரண்டு நிறைகுடத்தின் எடை இருக்கும். ஈரத்தில் துணி ஏறக்குறைய கறுப்பாக இருந்தது, என் அலைகள் சாம்பல் பூத்து மங்கித் தெரிந்தன.

அவன் மேடைக்கு வந்ததும் தார்ப்பாய் வழியாகக் குடங்களில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சாத்தையா பத்து வசனத்தையும் பேசினான். ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. அவன் பேசப் பேசச் சனம் தோணியைப் போல ஒரு பக்கம் சாய்ந்தது, மறுபக்கம் சாய்ந்தது. இளவரசன் வில்லை வளைத்து, வழி உண்டா இல்லையா என்று கேட்டான். ஆர்மோனியம் தொடங்கியது.

சாத்தையா வாயை மூடிக்கொண்டு நின்றான். வலது கை விரல்கள் தாமாக மடங்கின, ஈட்டியைப் பிடிக்கிற மாதிரி. பதினான்கு இடத்தில் அளவெடுத்த உடம்பு என் கண்ணெதிரே ஒவ்வோர் இடமாகச் சுருங்கியது. ஆர்மோனியம் ஒரு சுற்று முடிந்து இரண்டாம் சுற்றுக்குப் போனது. இளவரசனுக்கு நடப்பதா நிற்பதா என்று தெரியவில்லை, வளைத்த வில்லோடு வாத்தியாரைப் பார்த்தான்.

முன்வரிசையில் பஞ்சவர்ணம் எழுந்தாள். மடியிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.

“என்னய்யா, வாசக் காவக்காரன் மாதிரியே நிக்கிற? சொல்லு” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான், முடியாது என்று.

“இத்தன வருசம் நடந்த காலு, இன்னமும் நடக்கும். நீ சொல்லித் தொலை.”

பின்னாலிருந்து யாரோ அவளை உட்காரச் சொன்னார்கள், இன்னொருத்தி அப்படிச் சொன்னவளை உட்காரச் சொன்னாள். ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார். குடங்களில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் இருந்தது. நான் என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு எண்ணியபோது சாத்தையா தலையை நிமிர்த்தினான்.

“வில்லை இறக்கு, மகனே” என்றான். “கேட்டவனுக்கு வழி உண்டு. நான் விலகிப் போகிறேன்.”

சத்தம் நின்றது. துணி அடி விளிம்பிலிருந்து காயத் தொடங்கியது. முழங்கால் வரை, இடுப்பு வரை, மார்பு வரை, கறுப்பு விலகி நீலம் ஏறிக்கொண்டே போனது, அந்த நீலத்தில் வரிசை வரிசையாக வெள்ளை அலைகள் எழுந்தன. ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறும் தெரிந்ததா என்று என்னால் சொல்ல முடியாது, மடிப்புக்குள் போனவை பல. தோளில் கடைசி ஈரமும் போனதும் உடை எடையிழந்து மெல்ல உப்பியது, வெயில் அதன்மேல் பட்டது. ஊர் அன்றுவரை கடலை அண்டா அண்டாவாகக் குடித்திருந்ததே தவிரப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தது. சாத்தையா அந்த உடையைக் கையால் தூக்கி ஒதுக்கி, பக்கவாட்டில் ஏழடி நகர்ந்து வழிவிட்டான், இளவரசன் அவனைத் தாண்டிப் போனான்.

நாடகம் முடிந்து மங்களம் பாடினார்கள். சனம் எழுந்து, பாதியும் முக்காலுமாக நிறைந்திருந்த குடங்களைத் தேடி எடுத்துக்கொண்டு, ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் நேராக நடந்து போனது.

மறுநாள் விடிந்ததும் பெண்கள் மேலக்குளத்துக்குப் புறப்பட்டார்கள். அறுபத்துமூன்று பேர். அவர்களுக்குப் பின்னால் பத்தடி தள்ளிச் சாத்தையா ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு போனான், காது மடலில் அரிதாரத்தின் நீலம் இன்னும் ஒட்டியிருந்தது. எங்கள் ஊரில் ஆம்பளை குடம் எடுத்து அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. டீக்கடையிலிருந்த நான்கு பேரும் கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெயில் ஏறியபிறகு திரும்பி வந்தார்கள். நான் களத்து வாசலில் நின்றிருந்தேன். இடுப்பில் வைக்கத் தெரியாமல் அவன் குடத்தைத் தோளில் வைத்திருந்தான், அடிக்கு ஒரு தரம் அது வழிந்தது, சட்டை முழுக்க நனைந்திருந்தது. பின்னால் பஞ்சவர்ணம் இடுப்பில் நிறைகுடத்தோடு, ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்துகொண்டிருந்தாள்.

“ராசா, தளும்பாம நடங்க” என்றாள். “அதுலதான் உலை வைக்கணும்.”

சாத்தையா நின்றான். குடத்தை மறுதோளுக்கு மாற்றினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலடியைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து நடந்தான்.